ரன்டைம் எரர் 200: மில்லு எடைமேடை புரோகிராம், விண்டோஸ் 98, அறுப்பு நேரம்

கேள்வி, 17 ஜனவரி 2025

அண்ணே, எங்க மாமாவோட ரைஸ் மில்லு மன்னார்குடி பக்கத்துல இருக்கு. லாரி எடைமேடைக்கு ஒரு பழைய டாஸ் புரோகிராம் ஓடிட்டு இருந்துச்சு, டர்போ பாஸ்கல்ல எழுதினது, எழுதிக் கொடுத்த பாலிடெக்னிக் சார் இப்ப இல்ல. அது ஓடின 486 மெஷின் பொங்கலுக்கு முன்னாடி படுத்துருச்சு. வீட்ல கிடந்த செலரான் 800-ல விண்டோஸ் 98 எஸ்இ இருக்கு, பேக்கப் ஃப்ளாப்பியில இருந்த எக்ஸியை (ஓடுற புரோகிராம் ஃபைல்) அதுல போட்டு ஓட்டினா மெனுவே வரல, ரன்டைம் எரர் 200-னு ஒரு வரி, அவ்வளவுதான், திரும்ப ப்ராம்ட். விண்டோஸை ரீஇன்ஸ்டால் பண்ணியாச்சு, ரேம் மாத்திப் பாத்தாச்சு. சம்பா அறுப்பு ஆரம்பிச்சு வண்டி வரிசையா நிக்குது, எடை சீட்டு கையால எழுதுறோம். புதுசா சாஃப்ட்வேர் வாங்கிடலாம்னு மாமா சொல்றாரு. என்ன பண்றது?

18 ஜனவரி, காலை

ரீஇன்ஸ்டாலை நிறுத்துங்க தம்பி. விண்டோஸ் நல்லாருக்கு, ரேமும் நல்லாருக்கு. உங்க செலரான் அந்த புரோகிராமுக்கு ரொம்ப வேகம், கோளாறு அங்கதான்.

இன்னிக்கே வண்டி எடை போடணும்னா இதை மட்டும் பண்ணுங்க. மெஷினை ஆன் பண்ணதும் பயாஸுக்குள்ள, அதாவது மெஷினோட அடிப்படை செட்டிங் ஸ்கிரீனுக்குள்ள போய் இன்டர்னல் கேஷ், எக்ஸ்டர்னல் கேஷ் (சிபியுவை வேகப்படுத்தற சின்ன மெமரி) ரெண்டையும் டிசேபிள் பண்ணி சேவ் பண்ணுங்க. அப்பறம் பூட் ஆகும்போது எஃப்8 அமுக்கினா மெனு வரும், அதுல கமாண்ட் ப்ராம்ட் ஒன்லி எடுத்து சுத்தமான டாஸுக்கு வந்து புரோகிராமை ஓட்டுங்க. விண்டோஸுக்குள்ள போகாதீங்க, கேஷ் இல்லாம அது நகரவே நகராது. டாஸுக்கு அந்த வேகம் தாராளம்.

புது சாஃப்ட்வேர் பேச்சை அறுப்பு முடியிற வரைக்கும் தள்ளிப்போடச் சொல்லுங்க. காரணம் அப்பறம் சொல்றேன்.

18 ஜனவரி, ராத்திரி

ஓடிடுச்சுன்னு எழுதியிருக்கீங்க, சந்தோஷம். ஏன் ஓடுச்சுன்னும் தெரிஞ்சுக்கணும், இல்லேன்னா அடுத்த கோளாறு வரும்போது மறுபடி ரேமைத்தான் கழட்டுவீங்க.

டர்போ பாஸ்கல்ல ஸ்கிரீனை துடைக்க, கலர் மாத்த, கீ அமுக்கினதை வாங்க, எல்லாத்துக்கும் சிஆர்டின்னு ஒரு யூனிட், அதாவது ரெடிமேட் கட்டளைத் தொகுப்பு இருக்கு. டிலேன்னு ஒரு கட்டளையும் அதுக்குள்ளதான், இத்தனை மில்லிசெகண்ட் சும்மா இருன்னு சொல்றது. அது எப்படி நேரம் பாக்குதுன்னா, புரோகிராம் தொடங்கினதும், நாம எழுதின முதல் வரிக்கும் முன்னாடியே, இந்த யூனிட் ஒரு வெத்து லூப்பை ஒரு டைமர் டிக் நேரத்துக்கு ஓடவிட்டு எத்தனை சுத்து ஓடுச்சுன்னு எண்ணிக்கும். பிசியில செகண்டுக்கு 18.2 டிக், அதாவது ஒரு டிக் சுமாரா 55 மில்லிசெகண்ட். வந்த எண்ணிக்கையை 55-ஆல வகுத்தா ஒரு மில்லிசெகண்டுக்கு எத்தனை சுத்துன்னு கிடைக்கும், அந்த விடையை 16 பிட் இடத்துல வைக்கணும். அந்த இடம் 65535 வரைக்கும்தான் கொள்ளும். டர்போ பாஸ்கல் 7 வந்தது 1992-ல, அப்ப 486 மெஷினே பெரிய விஷயம், யாரும் அந்த எல்லையை தொடல. பென்டியம் வகையில சுமாரா 200 மெகாஹெர்ட்ஸ் தாண்டினா விடை உள்ள அடங்காது. வகுத்தல்ல விடை அடங்கலேன்னா சிபியு இன்டரப்ட் 0-வை (ஓடற வேலையை நிறுத்தற சைகை) கிளப்பும், பூஜ்யத்தால வகுத்தாலும் அதே இன்டரப்ட்தான், அதனால பாஸ்கல் 200-னு சொல்லி வெளியில வந்துடும். யாரும் பூஜ்யத்தால வகுக்கல.

கேஷை அணைச்சதும் மெஷின் ரொம்ப மெதுவாயிடுது, எண்ணிக்கை சின்னதாகுது, வகுத்தல் அடங்கிடுது.

கும்பகோணத்துல ஒரு பாத்திரக்கடை பில்லிங் புரோகிராமுக்கு இதே 200 வந்தப்ப நான் இருந்தேன், 2001 வாக்குல, பழைய 486-ஐ தூக்கிட்டு பென்டியம் 3 வாங்கி வச்சாங்க, மறுநாள் கடை திறந்தா பில்லு வரல. பித்தளை அண்டா வாங்க வந்த கல்யாண வீட்டுக்காரங்க உக்காந்திருக்காங்க, கடைக்காரர் என்னைப் பாக்கறார். அன்னிக்கு இந்த கேஷ் வழிதான் காப்பாத்துச்சு.

20 ஜனவரி

கேஷ் இல்லாம மாசாந்திர ரிப்போர்ட் வர ரொம்ப நேரம் எடுக்குதுன்னு எக்ஸியை திருத்துற யுடிலிட்டி ஒண்ணை இறக்கி ஓட்டிட்டேன்னு எழுதியிருக்கீங்க. 200 போயிருக்கும், சரி. ஆனா அந்த யுடிலிட்டி என்ன வகைன்னு பாத்தீங்களா? சிலது வகுக்கிற 55-ஐயே பெரிய எண்ணா மாத்தும், சிலது விடை 65535-ஐ தாண்டினா அங்கயே பிடிச்சு நிறுத்திடும். ரெண்டு வகையிலயும் புரோகிராம் ஓடும், டிலே மட்டும் சரியா இருக்காது. பில்லிங் புரோகிராம்ல அதனால நஷ்டமில்ல, பீப் சத்தம் குட்டையாகும், அவ்வளவுதான். இது எடைமேடை. சீரியல் போர்ட்ல இண்டிகேட்டரோட, அதாவது எடையைக் காட்டற பெட்டியோட பேசுது. பழைய திருத்தாத எக்ஸியை அழிக்காதீங்க, பேரை மாத்தி பக்கத்துலயே வச்சிருங்க.

21 ஜனவரி

நினைச்சது நடந்துடுச்சு. இண்டிகேட்டர் சிவப்பு எழுத்துல 12480 காட்டுது, கம்ப்யூட்டர்ல 1248, சில தடவை 124, சில தடவை சரியா 12480-ஏ வருது. இதுக்கு வந்திருக்கிற யோசனைகள்: கேபிளை மாத்து, இண்டிகேட்டரை சர்வீஸுக்கு அனுப்பு, லோடு செல் (மேடைக்கு அடியில எடையை உணர்ற கருவி) போச்சு, காம் போர்ட் போச்சு.

ஒண்ணையும் தொடாதீங்க. முதல்ல ஒரே ஒரு சோதனை. அதே கேபிள், அதே இண்டிகேட்டர், அதே போர்ட், கேஷை அணைச்சு பழைய எக்ஸியை ஓட்டி, அதே வண்டியை மேடையில நிறுத்திப் பல தடவை எடை எடுங்க. எல்லாத் தடவையும் சரியா வந்தா கம்பியிலயும் கருவியிலயும் குத்தமில்ல.

லோடு செல் போச்சுன்னு சொன்னவருக்கு: லோடு செல் போனா இண்டிகேட்டர்லயே எண் தப்பா வரும். இங்க இண்டிகேட்டர் சரியா காட்டுது, கடைசி இலக்கம்தான் வழியில காணாமப் போகுது.

21 ஜனவரி, ராத்திரி

சோதனையில எல்லாம் சரியா வந்துச்சுன்னு சொல்லிட்டீங்க. இப்ப கணக்கு பாக்கலாம், எனக்கு இந்த கட்டம்தான் ரொம்பப் பிடிக்கும்.

உங்க இண்டிகேட்டர் செட்டிங் 2400 பாட், அதாவது செகண்டுக்கு 2400 பிட்னு எழுதியிருக்கீங்க. எட்டு பிட் டேட்டா, ஒரு ஸ்டார்ட், ஒரு ஸ்டாப், ஆக ஒரு எழுத்துக்கு 10 பிட். செகண்டுக்கு 240 எழுத்து, ஒரு எழுத்து வர 4 மில்லிசெகண்டுக்கு கொஞ்சம் மேல. நீங்க சொன்ன வடிவம்: தொடக்கக் குறி ஒண்ணு, ஆறு இலக்கம், கிலோன்னு சொல்ற ரெண்டு எழுத்து, கடைசியில கேரேஜ் ரிட்டர்ன்ங்கற முடிவுக் குறி. மொத்தம் 10 எழுத்து, முழுசா வந்து சேர சுமாரா 42 மில்லிசெகண்ட்.

புரோகிராம் என்ன பண்ணும்னு நான் நினைக்கிறேன்னா, இண்டிகேட்டருக்கு ஒரு எழுத்து அனுப்பி எடை கேக்கும், ஒரு டிலே போட்டு நிக்கும், அப்பறம் பஃபர்ல (வந்த எழுத்தை சேத்து வைக்கிற இடம்) அந்த நேரம் என்ன இருக்கோ அதை எண்ணா மாத்திடும். டிலே 100-னு வச்சுக்குங்க, 486-ல 100 மில்லிசெகண்ட், 42-க்கு தாராளமா மேல. திருத்தின எக்ஸி செலரான் 800-ல, வகுத்த விடை 65535-லயே நின்னுபோயிட்டா, அதே 100 சுமாரா நாலுல ஒரு பங்கா சுருங்கும். 25 மில்லிசெகண்டுல எத்தனை எழுத்து வரும்? ஆறு. தொடக்கக் குறி, 0, 1, 2, 4, 8. புரோகிராம் அதை 1248-னு படிக்கும். இண்டிகேட்டர் பதில் சொல்ல ஒரு கணம் தாமதிச்சா அஞ்சு எழுத்து, 124. எப்பவாவது நேரம் சேந்து அமைஞ்சா முழு எண்.

சோர்ஸ் (அவர் பாஸ்கல்ல எழுதின மூல வரிகள்) பாக்காம இது ஊகம்தான், ஆனா உங்க எண்கள் அச்சு அசலா இதுல பொருந்துது.

22 ஜனவரி

கடைசி இலக்கம் போனா யாருக்கும் கண்ல படும், திரும்ப எடுத்துக்கலாம், அதுக்காக எதுக்கு மறுபடி மெதுவா ஓட்டணும்னு ஒருத்தர் கேட்டிருக்கார். எனக்கு இதுல உடன்பாடே இல்ல.

லோடு எடையில போனா பெரும்பாலும் கண்ல படும். காலி வண்டி எடையில போனா? டிராக்டர் டிப்பர் காலி எடை 4360, அது 436-னு பதிவாச்சுன்னா, லோடு எடை 12480-க்கு நிகர எடை 8120-க்கு பதிலா 12044, மில்லுக்கு நஷ்டம். அடுத்த வாரம் அதே வண்டிக்கு லோடு எடையில இலக்கம் போய், அதை அவசரத்துல யாரும் கவனிக்கலேன்னா நெல்லு போட்டவருக்கு நஷ்டம். ராத்திரி பதினோரு மணிக்கு பனியில போர்வையை போத்திக்கிட்டு நிக்கிறவர், சீட்டுல அச்சடிச்ச எண்ணை நம்பித்தான் மடிச்சு சட்டைப்பையில வைக்கிறார். மெஷின் போட்ட எண்ணுன்னா யாரும் சந்தேகப்படறதில்ல. முத்திரை போட்டு ஆய்வு பண்றது மேடையையும் இண்டிகேட்டரையும்தான், கம்ப்யூட்டர் வெறும் காப்பி. காப்பி தப்பா இருந்தா அது நம்ம பொறுப்பு.

அதனால திருத்தின எக்ஸியை இப்பவே எடுத்து வச்சிடுங்க. கேஷ் இல்லாம பழைய எக்ஸி. ரிப்போர்ட் லேட்டா வந்தா வரட்டும். ஒரு நோட்டுல இண்டிகேட்டர் எண்ணை கையால எழுதி, சீட்டு எண்ணோட ஒவ்வொரு வண்டிக்கும் ஒத்துப் பாருங்க. ஓடுற புரோகிராம் எல்லாம் சரியான புரோகிராம் ஆயிடாது.

24 ஜனவரி

சோர்ஸ் ஃப்ளாப்பி பரண்ல கிடைச்சிருக்குன்னு படம் போட்டிருக்கீங்க. அந்த வெள்ளை புள்ளி பூஞ்சை. நம்ம ஊரு ஈரத்துக்கு ஃப்ளாப்பி இப்படித்தான் ஆகும், ஆத்தங்கரை ஓரம் பரண்ல வச்சா கேக்கவே வேண்டாம். டிரைவுல அப்படியே சொருகாதீங்க, ஹெட்ல பூஞ்சை ஒட்டி மீடியாவை சுரண்டிடும், அப்பறம் அந்த டிரைவுல போடற அடுத்த டிஸ்கும் போகும்.

ஷட்டரை விலக்கி, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை பஞ்சுக்குச்சியில நனைச்சு மெதுவா துடைச்சு, நடு உலோக வட்டத்தை கொஞ்சம் கொஞ்சமா சுத்தி ரெண்டு பக்கமும் துடைங்க. நல்லா காயட்டும். அப்பறம் ஒரே தடவை, முழு டிஸ்க் இமேஜா எடுத்துடுங்க, ஃபைல் ஃபைலா காப்பி வேண்டாம். கெட்ட செக்டரை விட்டுட்டு மத்ததை எடுக்கிற கருவியா பாத்து எடுங்க, லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூ இருக்கு.

நாகப்பட்டினத்துக்காரர் ரேம் காண்டாக்ட் பத்தி கேட்டிருந்தார். கடலோரம் உப்புக்காத்துல ரேம் ஸ்லாட்டும் கார்டு ஸ்லாட்டும் கறுத்துப்போறது சகஜம், பென்சில் ரப்பரால தேச்சு தூளை தட்டிட்டு போட்டா பெரும்பாலும் உயிர் வந்துடும். இந்த இழையில உள்ள கோளாறுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

26 ஜனவரி

சோர்ஸ் முழுசும் படிச்சேன், மத்தியானம் சாப்பிட எழுந்திருக்கல. எழுதினவர் ரொம்ப நிதானமான ஆள். காம் 1 (முதல் சீரியல் போர்ட்) முகவரி ஹெக்ஸ் 3எஃப்8, ஐஆர்க்யூ (போர்ட் சிபியுவை கூப்பிடற வழி) 4, அதுக்கு தனியா இன்டரப்ட் ஹேண்ட்லர் எழுதி, வர்ற எழுத்தை வட்ட பஃபர்ல போடறார். 1990-கள்ல புத்தகம் பாத்து இதை எழுதினவரை எழுந்து நின்னு கும்பிடலாம். எடை கேக்கற இடத்துல பஃபரை காலி பண்ணி, ஒரு எழுத்து அனுப்பி, டிலே 100. நேரா அதுதான்.

டிலேயை நம்பாம எழுதணும். கேரேஜ் ரிட்டர்ன் வர்ற வரைக்கும் காத்திருக்கணும், வராம போனா ரெண்டு செகண்ட் பாத்துட்டு விட்டுடணும். நேரத்துக்கு பயாஸ் டிக் கவுண்டர் இருக்கு, மெமரியில ஹெக்ஸ் 40 செக்மென்ட், ஹெக்ஸ் 6சி ஆஃப்செட், நாலு பைட். ரெண்டு செகண்டுக்கு 36 டிக். சிபியு எவ்வளவு வேகமா இருந்தாலும் டிக் மாறாது. வந்த சரத்துல தொடக்கக் குறி இருக்கா, நடுவுல சரியா ஆறு இலக்கம் இருக்கா, முடிவுக் குறி இருக்கா, மூணும் இருந்தாத்தான் எண்ணா மாத்தணும். சரத்தை எண்ணா மாத்தற வேல் புரொசீஜர் திருப்பித் தர்ற எரர் கோடை அவர் பாக்காம விட்டிருக்கார், அதையும் பாருங்க. அடுத்தடுத்து ரெண்டு தடவை கேட்டு ரெண்டும் ஒண்ணா இருந்தா மட்டும் பதிவு பண்ணுங்க, வண்டி ஆடிட்டு இருக்கும்போது எடுத்த எண்ணும் அதுல வடிகட்டிடும்.

கம்பைல் பண்ணும்போது கவனம், சிஆர்டி யூனிட் பழசாவே இருந்தா புது எக்ஸியிலயும் 200 வரும். திருத்தின சிஆர்டியை பழைய பாஸ்கல் ஆட்கள் எழுதி இலவசமா விட்டிருக்காங்க, டிபியுமூவர்ங்கற டர்போ பாஸ்கல் கருவியை வச்சு டர்போ டிபிஎல் லைப்ரரியில பழசை எடுத்துட்டு அதைப் போடுங்க. லைப்ரரியை முன்னாடியே ஒரு காப்பி எடுத்துக்குங்க.

புது சாஃப்ட்வேர் வேண்டாம்னு சொன்ன காரணம் இப்ப சொல்றேன். ஈரப்பதம் கழிக்கிற புரொசீஜர்ல ஒரு கமெண்ட், தமிழை இங்கிலீஷ் எழுத்துல தட்டியிருக்கார்: மில்லு வழக்கம், முதலாளிகிட்ட கேக்காம மாத்தக் கூடாதுன்னு. அரசு கொள்முதல்ல 17 சதவீதம்னு ஒரு கோடு. உங்க மில்லுல அதுக்கு மேல போனா ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஒரே மாதிரி கழிக்கல, படிப்படியா ஒரு டேபிள் வச்சிருக்காங்க, குறுவைக்கு ஒண்ணு, சம்பாவுக்கு ஒண்ணு. குறுவை மழையில நனைஞ்சு வர்றது, சம்பா பனியில வர்றது, ரெண்டும் காயிற விதமே வேற. இது எந்தக் கடையிலயும் விக்கிற சாஃப்ட்வேர்ல இருக்காது, ஊர்ல பேசி முடிச்ச கணக்கு. மாமாவுக்கு அந்த பக்கத்தை பிரிண்ட் எடுத்துக் காட்டுங்க.

27 ஜனவரி

நேத்து சொன்னதோட ஒண்ணு சேக்கணும், அவசரம். டிக் கவுண்டர் நடுராத்திரி பூஜ்யத்துக்கு போயிடும். ஒரு நாளைக்கு 1573040 டிக், அதை தொட்டதும் மறுபடி 0. 11.59-க்கு கடைசி செகண்டுல எடை கேட்டு, அந்த நேரம் பாத்து இண்டிகேட்டர் பதில் தரலேன்னா, தொடக்கம் கூட்டல் 36-ங்கற எண்ணை கவுண்டர் எட்டவே எட்டாது, புரோகிராம் அங்கயே தொங்கிடும். பகல்ல மட்டும் ஓடற கடைக்கு இது ஒரு பொருட்டில்ல, அறுப்பு மெஷின் விடிய விடிய ஓடற ஊருல பொருட்டுதான். இப்போதைய எண் தொடக்கத்தை விட சின்னதா இருந்தா 1573040 கூட்டிட்டு கழிங்க. ஒரு வரி.

28 ஜனவரி

புது எக்ஸி, கேஷ் ஆன், முழு வேகம், எல்லா எண்ணும் ஒத்துப்போகுதுன்னு எழுதியிருக்கீங்க. நோட்டை நிறுத்தாதீங்க, இன்னும் கொஞ்ச நாள்.

30 ஜனவரி

இது புதுசு. ஹல்லர் (நெல்லுல உமி நீக்கற மெஷின்) மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது எடை வரல, மறுபடி முயற்சி செய்னு மெசேஜ் வருதாம். முன்னாடி இது இருந்துச்சான்னு மாமாகிட்ட கேட்டீங்க, எப்பவாவது குப்பை எண் வரும், மறுபடி அமுக்குவோம்னு சொல்லியிருக்கார். ஆக கோளாறு பழசு, இப்பதான் புரோகிராம் அதை பிடிச்சு நிறுத்துது. நல்லதுதான்.

மாயவரத்து நண்பர் அன்னிக்கே கேபிளைப் பாருன்னு சொன்னார். இலக்கம் போனதுக்கு கேபிள் காரணமில்ல, ஆனா இந்த விஷயத்துல அவர் சொன்னதுதான் சரி. மேடையிலேருந்து ஆபீஸ் ரூம் வரைக்கும் கம்பி மோட்டார் ஒயரோட ஒட்டியே போகுதுன்னு படத்துல தெரியுது, நீளமும் 15 மீட்டருக்கு மேல இருக்கும்போல. ஆர்எஸ்-232-ல சிக்னலை பொது கிரவுண்டை வச்சுத்தான் அளக்கும். மேடைப் பக்க எர்த்தும் ஆபீஸ் பக்க எர்த்தும் ஒரே மட்டத்துல இல்லேன்னா, பெரிய மோட்டார் கரண்ட் இழுக்கிற அந்த கணம் ரெண்டுக்கும் நடுவுல வோல்டேஜ் வித்தியாசம் வந்து அது கம்பி வழியா ஓடும். பிட்டு கெடும்.

கம்பியை மோட்டார் ஒயர்லேருந்து பிரிச்சு தனியா கொண்டுபோங்க. ஷீல்டு கம்பி போட்டு ஷீல்டை ஒரே பக்கம் மட்டும் எர்த் பண்ணுங்க, ரெண்டு பக்கமும் பண்ணினா ஷீல்டே கரண்ட் போற வழியாயிடும். முடிஞ்சா நடுவுல ஆப்டோ ஐசோலேட்டர், சிக்னலை ஒளி வழியா கடத்தி ரெண்டு பக்க கரண்டையும் பிரிச்சு வைக்கிற கருவி. ஐப்பசி கார்த்திகை இடிக்கு அது இருந்தா போர்ட் தப்பிக்க வழி உண்டு, இடி இறங்கி காம் போர்ட் சிப் கருகின மதர்போர்டு என்கிட்டயே அலமாரியில இருக்கு. எர்த் குழியை எலக்ட்ரீஷியனை விட்டு பாக்கச் சொல்லுங்க, அதுல நீங்களா கை வைக்காதீங்க.

2 பிப்ரவரி

பழைய 486 ஹார்ட் டிஸ்க்ல பல வருஷ எடைக்கணக்கு இருக்கு, யுஎஸ்பி அடாப்டர்ல போட்டா தெரியவே இல்ல, டிஸ்க் போச்சான்னு கேட்டிருக்கீங்க. போயிருக்கணும்னு இல்ல. அந்தக் காலத்து சின்ன டிரைவ் சிலது சிலிண்டர், ஹெட், செக்டர் கணக்குல மட்டும்தான் பேசும், செக்டருக்கெல்லாம் வரிசையா ஒரே எண் போடற எல்பிஏ முறை தெரியாது. இப்ப வர்ற யுஎஸ்பி அடாப்டர் பலதும் எல்பிஏ மட்டும்தான் பேசும். செலரானோட ஐடிஇ கேபிள்ல நேரா மாட்டி, டிரைவ் மேல ஒட்டியிருக்கிற லேபிள்ல உள்ள சிலிண்டர், ஹெட், செக்டர் எண்ணை பயாஸ்ல கையால போடுங்க. ஜம்பரை ஸ்லேவ்ல வைங்க. தெரிஞ்சதும் முதல் வேலையா காப்பி.

செத்த 486 போர்டை தூக்கிப் போடாதீங்க. கீபோர்டு சாக்கெட் பக்கத்துல நீல பீப்பா மாதிரி பேட்டரி பச்சை பூத்திருக்கே, அது நிக்கல் காட்மியம், அதுலேருந்து கசியிறது காரம், தாமிரத் தடத்தை தின்னுடும். பேட்டரியை வெட்டி எடுத்துட்டு வினிகரை பஞ்சுல தொட்டு துடைச்சு, தண்ணி, அப்பறம் ஆல்கஹால். தடம் அறுந்திருந்தா மெல்லிசு கம்பி வச்சு சால்டர் பண்ணலாம். உயிர் வந்தா அது ஒரு ஸ்பேர் மெஷின்.

5 பிப்ரவரி

டிஸ்க் வந்துடுச்சு! ஃபைலை பைத்தான்ல படிச்சா பேரு வருது, எடை எல்லாம் கன்னாபின்னான்னு வருதுங்கறீங்க. சோர்ஸ் கையில இருக்கறதால இது சுலபம். ரெக்கார்டு வடிவம்: வண்டி எண் 12 எழுத்து, பேரு 25 எழுத்து, தேதிக்கு மூணு வேர்டு, லோடு எடை, காலி எடை, ஈரப்பதம் மூணும் ரியல்.

பாஸ்கல் ஸ்ட்ரிங்ல முதல் பைட் நீளம், அதனால 12 எழுத்துக்கு 13 பைட், 25-க்கு 26. நீளத்துக்கு அப்பால உள்ள பைட்டுல பழைய குப்பை இருக்கும், அதை படிக்கக் கூடாது. நீங்க அதையும் சேத்துப் படிச்சதாலதான் சில பேருக்கு பின்னாடி இன்னொருத்தர் பேரோட வால் ஒட்டியிருக்கு. வேர்டு ரெண்டு பைட், மூணுக்கு 6. ரியல் இங்க நாலு பைட்டும் இல்ல, எட்டு பைட்டும் இல்ல, ஆறு பைட், டர்போ பாஸ்கலுக்கே உரியது, அதனால பைத்தானோட ஸ்ட்ரக்ட்ல இதுக்கு குறியீடு கிடையாது. மூணுக்கு 18. மொத்தம் 63. ஃபைல் அளவை 63-ஆல வகுத்துப் பாருங்க, மீதி வந்தா நம்ம வடிவம் தப்பு.

ஆறு பைட்டை பிரிக்கிற விதம்: முதல் பைட் அடுக்கு, அதுல 129 கழிக்கணும். முதல் பைட் 0-ன்னா மொத்த எண்ணும் 0. கடைசி பைட்டோட மேல் பிட் குறி, மீதி 39 பிட் பின்னம், அதோட முன்னாடி ஒரு 1 சேத்துக்கணும். உங்க 12480-ஐயே எடுத்துக்குங்க, ஃபைல்ல அது 142, 0, 0, 0, 0, 67-னு இருக்கும். 142-ல 129 போனா 13, ரெண்டோட 13-வது அடுக்கு 8192. 67-ஐ 128-ஆல வகுத்தா 0.5234375, ஒண்ணு சேத்தா 1.5234375. பெருக்கிப் பாருங்க, 12480.

6 பிப்ரவரி

புது பிசியில டாஸ்பாக்ஸ்ல (பழைய டாஸ் மெஷின் மாதிரி நடிக்கிற புரோகிராம்) ஓட்டக் கூடாதான்னு திருவாரூர்காரர் கேட்டிருக்கார். ஓட்டலாம். 64 பிட் விண்டோஸ்ல டாஸ் புரோகிராம் தானா ஓடாது, டாஸ்பாக்ஸ் வேணும், அதோட கான்ஃபிக் ஃபைல்ல சீரியல் 1-ஐ டைரக்ட்சீரியல்னு போட்டு யுஎஸ்பி சீரியல் கம்பியோட காம் எண்ணை கொடுத்தா, புரோகிராம் 3எஃப்8-ல பேசறதை டாஸ்பாக்ஸ் வாங்கி அந்த கம்பிக்கு அனுப்பும். சைக்கிள்ஸை, அதாவது டாஸ்பாக்ஸோட வேக செட்டிங்கை குறைச்சு வச்சா 200-ம் வராது. நான் வீட்ல சோதனைக்கு அப்படித்தான் ஓட்டினேன். ஆனா மேடையில வேலை பாக்கற மெஷினுக்கு எனக்கு சுத்தமான டாஸ்தான் பிடிக்குது, நடுவுல அப்டேட்டு, ஸ்லீப்பு, ஆன்டிவைரஸ் எதுவும் கிடையாது. விண்டோஸ் 98 டிஸ்க் கெட்டுப்போனா ஃப்ரீடாஸ் போட்டுக்கலாம், இலவசம், 1.3 பதிப்பு 2022-ல வந்துச்சு.

ஹார்ட் டிஸ்குக்கு பதிலா காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டை ஐடிஇ அடாப்டர்ல மாட்டலாம், தூசியும் உமியும் பறக்கிற இடத்துல அது நிக்கும். ரெண்டு கார்டுல ஒரே காப்பி போட்டு ஒண்ணை வீட்ல வைங்க.

9 பிப்ரவரி

கணக்கு எல்லாம் பிரிஞ்சு வந்துடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. தேதி 1980-ன்னு இருக்கிற ரெக்கார்டு பத்தி கேட்டீங்க. பயாஸ் பேட்டரி தீந்ததும் தேதி 1980-க்கு போயிருக்கும், டாஸுக்கு அதுக்கு முன்னாடி தேதியே கிடையாது. அந்த ரெக்கார்டுகளை அழிக்காதீங்க. ஃபைல்ல வரிசை மாறாம இருக்கும், முன்னாடியும் பின்னாடியும் உள்ள தேதியை வச்சு எந்த அறுப்புன்னு கண்டுபிடிச்சுடலாம், எடைச்சீட்டு கட்டு மாமாகிட்ட இருந்தா நாளே கிடைக்கும். செலரான்ல இருக்கறது சிஆர் 2032, அதை இப்பவே மாத்திடுங்க.

சோர்ஸை எல்லாரும் பாக்கற இடத்துல போடலாமான்னு கேட்டதுக்கு, எழுதினவரோட வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு போடுங்க. அவர் பேரு முதல் வரியில இருக்கு, அதை எடுக்காதீங்க, நீங்க மாத்தினதை கீழ தேதியோட எழுதுங்க.

பிரிண்டர் ரிப்பன் மங்குதுன்னு கேட்டவருக்கு: ரிப்பனுக்கு எண்ணெய் போடாதீங்க, பின்னு ஒட்டிக்கும். புதுசு கும்பகோணத்துலயும் தஞ்சாவூர்லயும் கம்ப்யூட்டர் கடையில இன்னும் கிடைக்குது, பிரிண்டர் மாடல் பேரை சொல்லிக் கேளுங்க.